வெண்கலம் மினுங்கலாம், வேட்டி வெளுத்துவிடக் கூடாது

2023 செப்டம்பரில் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத மண்டபத்தின் முன்னால் எழுந்த 27 அடி நடராஜர், சுவாமிமலை ராதாகிருஷ்ணன் ஸ்தபதியும் அவருடைய குழுவினரும் ஏழு மாதங்களில் வார்த்தவர். எடை சுமார் 18 டன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் காவிரியை ஒட்டிய இந்தச் சிற்றூரின் பட்டறைகளில் கையளவு பிள்ளையாரிலிருந்து ஆளுயர அம்மன்வரை எந்நேரமும் ஏதாவது உருவாகிக்கொண்டே இருக்கும். கேமரா வாங்கிய புதிதில் வெளிச்சத்தை அடக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது. மெருகேற்றிய வெண்கலம், உருகிய உலோகம், வெள்ளை வேட்டி, இருண்ட மண்டபம், நீர் நிறைந்த வயல், அதில் நிற்கும் கொக்கு என்று கேமராவைத் தடுமாற வைக்கும் அத்தனையும் சைக்கிளில் சுற்றிவரும் தூரத்துக்குள் கிடைக்கின்றன.

இந்த அத்தியாயத்தின் வேலை ஒன்றே: படத்தில் எந்த வெள்ளையைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பார்த்தவுடன் முடிவெடுக்கப் பழகுவது.

தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்

நெல் அளக்கும் மரக்கால் நிரம்பிய பிறகு கொட்டும் நெல் வெளியே சிந்திவிடும். எவ்வளவு சிந்தியது என்று மரக்காலைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேமரா சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் அப்படித்தான். நிரம்பிய இடம் வெறும் வெள்ளையாகப் பதிவாகும். அதற்குள் இருந்த மடிப்பு, செதுக்கல், மேகம் எதுவும் மிஞ்சாது. ஜேபெக் படத்தில் இந்த உச்ச அளவு 255. நிழலின் கதை வேறு. இருட்டாகப் பதிந்த இடத்தைப் பிறகு கணினியில் தூக்கிவிடலாம். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே டிஜிட்டலில் சந்தேகம் வரும்போது ‘ஓவர்’ பக்கம் போவதைவிட ‘அண்டர்’ பக்கம் சற்றுச் சாய்வது பாதுகாப்பு.

வெள்ளையில் இரண்டு வகை உண்டு. வேட்டி, கொக்கின் இறகு, மேகம், சுண்ணாம்புச் சுவர் ஆகியவை உருவமுள்ள வெள்ளைகள். அவற்றில் இழையும் மடிப்பும் தெரிந்தாக வேண்டும். சிலையின் தோளில் சூரியன் விழுந்து தெறிக்கும் புள்ளி இன்னொரு வகை. அது விளக்கின் பிம்பம்; அதற்குள் பார்க்க எதுவும் இல்லை. அதையும் காப்பாற்றக் கிளம்பினால் சிலை முழுவதும் கரி பூசியதுபோல ஆகிவிடும். தொடக்கக்காரர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

இன்னொன்று. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். சட்டம் முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் அதை அழுக்காக்கும். சட்டம் முழுக்க இருட்டு, நடுவில் ஒரு வெள்ளை வேட்டி என்றால் இருட்டைத் தூக்க முயன்று வேட்டியை எரித்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் முன்னதற்குப் பிளஸ், பின்னதற்கு மைனஸ். ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது: ஷட்டரை 1/125-இலிருந்து 1/250 ஆக்குவது, அல்லது அப்பெர்ச்சரை எஃப்8-இலிருந்து எஃப்11 ஆக்குவது. இரண்டும் ஒன்றுதான்.

வீட்டிலிருந்து கிளம்புமுன் கேமராவில் செய்ய வேண்டியவை

1. பதிவு வகையை ‘ரா’ அல்லது ‘ரா + ஜேபெக்’ ஆக்குங்கள். ஜேபெக்கில் போனது போனதுதான். ‘ரா’ ஃபைலில் பெரும்பாலும் ஒரு ஸ்டாப் அளவுக்காவது மீட்க இடமிருக்கும்.

2. பிளேபேக் மெனுவில் ‘ஹைலைட் அலர்ட்’டை இயக்குங்கள். வெளுத்த இடங்கள் திரையில் கறுப்பும் வெள்ளையுமாக மின்னிக் காட்டும். மிரர்லெஸ் கேமராவில் ‘ஸீப்ரா’ இருந்தால் படம் எடுக்கும் முன்பே கோடு கோடாகத் தெரியும்.

3. ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் வெளிச்சம் இடது ஓரத்து இருட்டிலிருந்து வலது ஓரத்து வெள்ளைவரை எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை, மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும்படி வையுங்கள். வெண்கலத்துக்கும் நெருப்புக்கும் இது கட்டாயம். காரணம் பின்னால் வருகிறது.

4. திரையின் வெளிச்சத்தை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து நடுவில் நிறுத்துங்கள். வெயிலில் திரையை நம்பிப் படத்தை ஓவராக்குவது சாதாரணமாக நடக்கும் பிழை.

5. அப்பெர்ச்சர் முன்னுரிமை முறையில் (கேமராவில் ‘ஏ’ அல்லது ‘ஏவி’) தொடங்குங்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடும் அளவுக்குப் பழகுங்கள்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் ‘எச்டிஆர்’ஐ இயக்கிவிட்டு, திரையில் மிகவும் வெளிச்சமான இடத்தை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பூட்டு விழுந்ததும் அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். பெரும்பாலான கைப்பேசிகளில் இந்த ஒரு அசைவே பாதிப் படங்களைக் காப்பாற்றிவிடும்.

முதல் பயிற்சி: பட்டறைத் திண்ணையில் ஒரு சிலை

அனுமதியிலிருந்து தொடங்க வேண்டும். “ஐயா, ஓரமா நின்னு ரெண்டு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் தலையசைப்புக் கிடைக்கும். கண் திறக்காத சிலை, பூஜைக்கென்று வைத்த சிலை, வாங்குபவருக்காக மூடி வைத்த சிலை ஆகியவற்றை எடுக்க வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சு கூடாது.

1. வாசல் பக்கம் இருக்கும் சிலையைத் தேர்ந்தெடுங்கள். நேர் வெயில் படாமல், திறந்த வானத்தின் வெளிச்சம் மட்டும் படுவதாக இருக்கட்டும்.

2. எஃப்8, ஐஎஸ்ஓ 400, காம்பன்சேஷன் பூஜ்யம். ஒரு படம் எடுங்கள். ஷட்டர் 1/60-க்குக் கீழே இறங்கினால் ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள்.

3. திரையில் எங்கே மின்னுகிறது என்று பாருங்கள். மூக்கு நுனி, கிரீடத்தின் முனை, தோள்பட்டையின் ஒரு புள்ளி மட்டும் மின்னினால் விட்டுவிடுங்கள். அது வெண்கலத்தின் இயல்பு. கன்னம் முழுதும், மார்பு முழுதும், ஆடையின் செதுக்கலும் மின்னினால் அடுத்த படிக்குப் போங்கள்.

4. −1/3, −2/3, −1 என்று ஒவ்வொரு படியாகக் குறைத்து எடுங்கள். திட்டுகள் புள்ளிகளாகச் சுருங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேலும் குறைத்தால் சிலை செத்துவிடும்.

5. இப்போது சிவப்பு ஹிஸ்டோகிராமை மட்டும் பாருங்கள். பொன்னிற உலோகத்தில் பச்சை, நீலத்தை முந்திக்கொண்டு சிவப்பு வலது ஓரத்தை முட்டும். மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பு தனியாக வழிந்திருக்கலாம். அப்படியானால் வெண்கலம் மஞ்சள் பெயிண்ட் அடித்ததுபோலத் தட்டையாகிவிடும். இன்னொரு 1/3 குறையுங்கள்.

ஐந்து படங்களையும் அழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில் அருகருகே வைத்துப் பாருங்கள். −2/3-க்கும் −1-க்கும் இடையில் ஒரு சிலையின் முகபாவம் மாறுவதை அப்போதுதான் உணர முடியும்.

பளபளப்பை அடக்கும் வழிகள்

எக்ஸ்போஷரைக் குறைப்பது கடைசி வழி. அதற்கு முன் வெளிச்சத்தையே மாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் தேர்ந்தவர்களின் வழக்கம். மெருகேற்றிய உலோகம் ஒரு கண்ணாடி. எதிரே இருப்பதையெல்லாம் காட்டும். சின்ன, கூர்மையான விளக்கு எரிந்தால் சின்ன, கூர்மையான வெள்ளைப் புள்ளி. பெரிய, மென்மையான பரப்பு எதிரே இருந்தால் பெரிய, மென்மையான ஒளித் தடம். ஆகவே ஜன்னலில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். வெயில் அதில் பரவி வரும்போது சிலையின் தொடை, புஜம், முதுகு ஆகியவற்றின் வளைவு ஒரே ஓட்டமாகத் தெரியும். இருண்ட பக்கத்தில் ஒரு தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் நிழல் திறக்கும். விளிம்பு பின்னணியில் கரைந்துவிட்டால் அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் துணியைப் பிடியுங்கள். உலோகத்தில் கறுப்புக் கோடு விழுந்து உருவம் பிரிந்து நிற்கும்.

குறிப்பு: அடர்ந்த நிறச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வெள்ளைச் சட்டைக்காரரின் பிம்பம் அம்மனின் வயிற்றில் தெரியும்.

போலரைசர் வாங்கிவிட்டால் எல்லாப் பளபளப்பும் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீர், இலை, கண்ணாடி ஆகியவற்றின் மேல் அது அருமையாக வேலை செய்யும். வெறும் உலோகப் பரப்பில் ஏறத்தாழ ஒன்றும் செய்யாது. உலோகம் திருப்பி அனுப்பும் ஒளி அந்த வகையில் வடிகட்டப்படுவதில்லை. விளக்கின் முன்னாலும் ஒரு போலரைசர் தாளைப் பொருத்தி, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் மட்டுமே பலன் கிடைக்கும். அது ஸ்டுடியோ வேலை, தொடக்கத்தில் தேவையில்லை.

பழைய வெண்கலம் இந்தத் தொல்லையைத் தராது. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் இருக்கிறார்; 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். நூற்றாண்டுகள் ஏற்றிய பச்சையும் கறுப்பும் கலந்த களிம்பு ஒளியை விழுங்கிக்கொள்கிறது. அத்தகைய சிலையை மீட்டர் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கும். அங்கே −2/3 வைப்பது நெற்றியின் பளபளப்புக்காக அல்ல. சிலையின் கருமை கருமையாகவே நிற்பதற்காக.

உலோகம் ஊற்றும் நேரம்

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணை அடுக்கடுக்காகப் பூசி, கம்பி கட்டி, காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். செம்பு உருகுவதற்கு 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஊற்றும் வேலை சற்று நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றையும் முன்பே வைத்திருக்க வேண்டும்.

முதலில் பாதுகாப்பு, அதில் எந்த விட்டுக்கொடுத்தலும் இல்லை.

1. ஊற்றுபவர்கள் நடக்கும் பாதை எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பத்தடிக்கு மேல் விலகி ஓரிடத்தில் நில்லுங்கள். தொடங்கிய பிறகு இடம் மாறக் கூடாது. நெருக்கம் வேண்டுமென்றால் டெலி லென்ஸ்.

2. பருத்தி முழுக்கைச் சட்டை, மூடிய தோல் ஷூ. பாலியஸ்டர் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். செருப்பு வேண்டவே வேண்டாம்.

3. தண்ணீர் பாட்டிலை வெளியே வையுங்கள். ஈரத்தின் மேல் உருகிய உலோகம் பட்டால் நீர் சட்டென்று ஆவியாகி உலோகத்தைச் சிதறடிக்கும்.

4. ஃப்ளாஷ் கூடவே கூடாது. மூசையைப் பிடித்திருப்பவரின் கண் ஒரு நொடி கூசினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். படத்துக்கும் அது கேடுதான். நெருப்பின் நிறமே போய்விடும்.

5. பட்டறைக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள். அரைக்கும் உலோகத் தூள் கேமராவுக்குள் போனால் கேடு. மெருகுச் சக்கரத்தின் பொறிகள் லென்ஸ் கண்ணாடியில் பதியும். முன்னால் ஒரு சாதாரண ‘யூவி’ ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி அளவுகள். மேனுவல் முறை, எஃப்4, 1/250, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கலாம். ஊற்றுவதற்கு முன் உலை வாயின் ஒளி ஒருவர் முகத்தில் படும்போது இரண்டு சோதனைப் படங்கள் எடுங்கள். உலோக ஒழுக்கின் நடுப்பகுதி எப்படியும் வெளுக்கும்; அது தானே எரியும் ஒளி, அதை விட்டுவிடுங்கள். கவனிக்க வேண்டியது அதன் ஓரமும், ஊற்றுபவரின் கையும் முகமும். ஓரத்தில் ஆரஞ்சு நிறம் நிற்க வேண்டும். ஆரஞ்சு இருக்க வேண்டிய இடம் தட்டை மஞ்சளாகத் தெரிந்தால் சிவப்பு வழிந்துவிட்டது என்று பொருள். ஷட்டரை 1/500-க்கு ஏற்றுங்கள். ஆட்டோ முறையில் விட்டால் மூசை சட்டத்துக்குள் வரும்போதும் போகும்போதும் படம் இருண்டும் வெளுத்தும் தாவும்.

கோயிலடியில்: வேட்டியா, முகமா?

சுவாமிமலையின் சுவாமிநாத சுவாமி கோயில் ஒரு கட்டுமலை. தமிழ் வருடங்கள் அறுபதின் பெயரில் 60 படிகள். சன்னிதியில் படமெடுக்கக் கூடாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொன்னதையும் மறக்க வேண்டாம். பயிற்சிக்கு வெளித் தெருவும் கிருத்திகைக் கூட்டமும் தாராளம்.

நண்பகல் வெயிலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு முதியவரை எடுக்கிறீர்கள். வேட்டியைக் காப்பாற்ற −1 வைத்தால் முகம் கருத்துப்போகிறது. முகத்துக்கு வைத்தால் வேட்டி வெளுக்கிறது. தமிழ் முகங்களைக் கரியாக்கிவிட்டுத் துணியைக் காப்பாற்றிய படங்கள் எத்தனையோ உண்டு. அது சரியான தேர்வு அல்ல. முகம்தான் முதன்மை. ஆனால் இரண்டில் ஒன்றைப் பலிகொடுக்கும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். “தாத்தா, கொஞ்சம் இந்த நெழல்ல உக்காருறீங்களா?” என்று கேட்டுத் திண்ணையில் உட்காரவைத்தால் வேட்டிக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். நிழல் இல்லையென்றால் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி, ஃப்ளாஷை −1-இல் மெல்லத் தட்டிவிடுங்கள். காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நாலுக்குப் பின்பும் போனால் இந்தப் போராட்டமே வெகுவாகக் குறையும்.

சில கிலோமீட்டர் தள்ளி தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தூண்களின் நுணுக்கச் சிற்பங்கள் இருட்டில், தூண்களுக்கு இடையே தெரியும் முற்றம் கண்கூசும் வெயிலில். ஒரே படத்தில் இரண்டையும் அடக்க முடியாது. கேமராவின் பிராக்கெட்டிங்கை −2, 0, +2 என்று வைத்து, தூணில் சாய்ந்து, மூச்சை நிறுத்தி மூன்று படங்களை ஒரே தொடராக எடுத்து வீட்டில் இணைக்கலாம். முக்காலிக்குத் தொல்லியல் துறையின் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். இதைவிட எளிய வழி, முற்றம் சட்டத்துக்குள் வராதபடி இரண்டடி நகர்ந்து நிற்பது. முக்கால்வாசி நேரம் அதுவே நல்ல படம்.

வானம் வெளுக்கும் தொல்லை புதிதல்ல. 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் பயன்படுத்திய மெழுகுக் காகித நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு அளவுமீறி உணர்வுள்ளவை, வானம் வெற்றிடமாகிவிடும். மூன்று ஆண்டு முன்பு பர்மாவில் எடுத்த படங்களுக்கு அவர் நெகட்டிவிலேயே மேகங்களைத் தீட்டியிருக்கிறார். இன்று வானத்தைக் காப்பாற்ற ஒரு பொத்தான் போதும்.

வயலில்: தண்ணீரும் கொக்கும்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து நீர் கடைமடை நோக்கி வந்தபின், நடவுக்குச் சேறடித்த வயல்கள் வானத்தைத் தாங்கிய கண்ணாடிகளாகிவிடும். இங்கே போலரைசர் தன் வேலையைக் காட்டும். சூரியனுக்குப் பக்கவாட்டில் நின்று வளையத்தை மெல்லத் திருப்புங்கள். கூசும் ஒளி குறைந்து சேற்றின் நிறமும் நாற்றின் பச்சையும் வெளிவரும். முழுவதும் அணைத்துவிட வேண்டாம், தண்ணீர் தண்ணீராகத் தெரியாது. போலரைசர் ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் ஷட்டர் வேகத்தைக் கவனியுங்கள்.

கொக்குக்கு மீட்டரை நம்பாதீர்கள். கரும்பச்சைப் பயிரின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. மீட்டர் பயிரைப் பார்த்து அளந்து இறகை எரித்துவிடும். தெளிவான வெயிலில் பழைய கணக்கு ஒன்று உதவும்: எஃப்16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100. அதுவே எஃப்8-இல் 1/400. வெள்ளைப் பறவைக்காக ஒரு ஸ்டாப் குறைத்து 1/800. ஐஎஸ்ஓ 400 என்றால் 1/3200. மேனுவலில் இதை வைத்துவிட்டால் கொக்கு வயலிலிருந்து எழுந்து வானத்துக்குப் போனாலும் இறகின் அளவு மாறாது. அதன் மேல் விழும் வெயில் ஒன்றுதானே. மேகம் சூரியனை மறைத்தால் மட்டும் மறுபடி அளக்க வேண்டும்.

சூரியன் சட்டத்துக்குள் இருக்கும்போது ஆப்டிகல் வ்யூஃபைண்டர் வழியே, அதுவும் டெலி லென்ஸில், பார்க்கவே கூடாது; கண் பறிபோகும். திரையில் பாருங்கள். வரப்பு வழுக்கும், புல்லுக்குள் பாம்பு இருக்கும், பம்புசெட்டு ஒயர்கள் ஈரத்தில் கிடக்கும். வயல்காரரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள், நாற்றை மிதிக்காதீர்கள்.

கணினியில்

1. ‘ஹைலைட்ஸ்’ பட்டையை −30, −50 என்று மெல்ல இறக்குங்கள். மடிப்பு திரும்பி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

2. இறக்க இறக்க வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாக மாறுகிறதே தவிர உருவம் வரவில்லை என்றால் அங்கே தகவல் இல்லை. பட்டையைத் திரும்ப மேலே விடுங்கள். சாம்பல் ஒட்டுப்போட்டதைவிட வெள்ளையே மேல்.

3. நிழலைத் தூக்கும்போது பட்டறையின் மூலை முடுக்கெல்லாம் தெரியும்வரை தூக்காதீர்கள். உலையின் ஒளி எடுபட அதைச் சுற்றி இருட்டு வேண்டும்.

4. பிரிண்ட் போடுவதாக இருந்தால் வெளுத்த இடத்தில் மை விழாது, வெறும் தாளாகவே தெரியும். ஸ்தபதிக்குக் கொடுக்கும் படத்தில் முதலில் இதைச் சரிபாருங்கள். தம் உளி போன ஒவ்வொரு கோட்டையும் அவர் தேடிப் பார்ப்பார்.

பையில் வைக்கும் முன்

காம்பன்சேஷனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஐஎஸ்ஓவை 400-க்கு இறக்குங்கள். மேனுவலிலிருந்து வழக்கமான முறைக்குத் திருப்புங்கள். பிராக்கெட்டிங்கை அணையுங்கள். பட்டறையில் வைத்த ஐஎஸ்ஓ 1600-உம் −1-உம் மறுநாள் காலை வீட்டு விசேஷத்தில் அப்படியே காத்திருக்கும் என்பது நினைவில் இருக்கட்டும். லென்ஸைத் துடைப்பதற்கு முன் ஊதுகுழலால் தூசியை ஊதித் தள்ளுங்கள். பட்டறைத் தூசியில் உலோகத் துகள் இருக்கும். துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.